அம்மாவோடு ஓர் அருங்காட்சியக அகப்பக்கம்: மூன்றாண்டு அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், ஓர் அருங்காட்சியகத்தின் அகப்பக்கத்தை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். பயன்படுத்துபவர் 76 வயதான என் அம்மா. பக்கத்தில் உட்கார்ந்து கவனிப்பவன் நான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டியவர் என்பதால், தோட்ட வாழ்க்கைக்கு அங்கே ஒரு கூடம் இருப்பதை அறிந்த நாள்முதல் அதன் படங்களைக் கைப்பேசியில் பார்ப்பது அவருக்கு மாலைப் பழக்கமாகிவிட்டது.

தொல்லை எழுத்தின் அளவில்தான் என்று முதலில் நினைத்தேன். நிறத்தில் என்பது பிறகே புரிந்தது. வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து, கண்புரை விழுந்த கண்ணுக்கு இல்லாததற்குச் சமம். டபிள்யூ.சி.ஏ.ஜி. என்னும் அனைத்துலக இணைய அணுகல் நெறிமுறை, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாட்டு விகிதம் வேண்டும் என்கிறது. எழுத்தை 200 விழுக்காடு பெரிதாக்கினாலும் எதுவும் விடுபடக்கூடாது என்பதும் அதில் உண்டு. இங்கே விடுபட்டது. வரியின் உயரத்தை ஆங்கில எழுத்துக்கு அளந்து பூட்டி வைத்திருந்ததால், பெரிதாக்கியதும் ‘பு’வின் கால் வெட்டுப்பட்டு, விடுமுறை நாளான ‘புதன்’ திரையில் ‘பதன்’ என்று நின்றது. “பதன்னா என்னய்யா?” என்று அம்மா கேட்டபோது எனக்கும் உடனே விளங்கவில்லை.

முகப்பில் தானாக நகரும் படங்கள் இன்னொரு சோதனை. ஐந்து விநாடிகளுக்கு மேல் தானாக ஓடுவதை நிறுத்த வழி இருக்க வேண்டும் என்பது அதே நெறிமுறை. அம்மா பாதி வரி படிப்பதற்குள் அடுத்த படம் வந்துவிடும், நிறுத்தும் பொத்தானோ இல்லை. கண் சோர்ந்த நாள்களில் கைப்பேசியையே வாசிக்கச் சொல்வோம். பால் வடியும் கிண்ணமான மங்கின் படத்துக்கு வந்ததும் அது “படம் பதினான்கு” என்றது. “மங்குன்னு சொல்லத் தெரியலையா இதுக்கு?” என்று அம்மா சிரித்தார். படத்துக்குப் பதிலாகக் கைப்பேசி வாசிக்கும் மாற்று விளக்கத்தை ஒருவர் உட்கார்ந்து தமிழில் எழுதியிருந்தால் போதும். செலவுள்ள வேலை அல்ல.

சென்ற ஆண்டு அகப்பக்கத்தைப் புதுப்பித்தார்கள். எழுத்து கறுத்தது, ‘பு’வுக்குக் கால் திரும்பியது, மகிழ்ந்தேன். ஆனால் அம்மா பட்டியலைப் படித்துத் தேடுபவர் அல்லர். தாம் பால் வெட்டிய மர வரிசையான நிரையில் எந்த மரம் எங்கே நிற்கிறது என்று இருட்டிலும் அறிந்திருந்ததைப் போல, ‘மேலே வலப்பக்கம் இரண்டாவது’ என்று இடத்தை வைத்தே போகிறவர். அந்த இடத்தில் இப்போது மூன்று கோடுகள் மட்டும் இருந்தன. அதைத் தொட்டால்தான் பட்டியல் திறக்கும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இரண்டு வாரம் அவர் அந்தப் பக்கமே போகவில்லை. வெளிர்சாம்பல் எழுத்தைவிடவும் இதையே பெரிய குறையாக நான் கருதுகிறேன், ஏனெனில் மங்கலான எழுத்தை அவர் கண்ணாடி போட்டுச் சமாளித்தார், மறைந்துபோன இடத்தைச் சமாளிக்க அவரிடம் எதுவும் இல்லை.

நுழைவுச்சீட்டுப் பதிவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அடையாள அட்டையை எடுத்து வருவதற்குள் நேரம் முடிந்து படிவம் வெறுமையானது, மும்முறை. நேரம் முடியுமுன் எச்சரித்து, நீட்டிக்க குறைந்தது 20 விநாடி தர வேண்டும் என்ற விதி அங்கே எட்டவில்லை.

புதுப்பித்ததில் ஒரு நன்மை: முன்பு படத்துக்குள் கிடந்த தொலைபேசி எண், இப்போது தொட்டாலே அழைப்புப் போகும் எழுத்தாக உள்ளது. போன மாதம் அம்மா தாமே அழைத்து, வாசலில் எத்தனை படி, கூடத்தில் உட்கார நாற்காலி உண்டா, கழிவறை எவ்வளவு தூரம் என்று கேட்டார். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்த மூன்றில் ஒன்றுகூட அகப்பக்கத்தில் இன்னும் ஏறவில்லை.