கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கான ஞாயிறு வகுப்பு: நாலு வருஷத்துக்குப் பிறகு

மகள் ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஞாயிறு கணக்கு வகுப்பில் சேர்த்தோம், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நெருங்கியதும் நிறுத்திக்கொண்டோம். இப்போது பதினொன்றாம் வகுப்பு. சென்னையில் இந்த மாதிரி வகுப்புகளுக்கு அனுப்பலாமா, காசுக்கு ஏற்ற பயன் உண்டா என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிக்கொண்டு நடப்பதில் இரண்டு ரகம் உண்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்துவது ஒன்று. பெரும்பாலும் ‘ஃபவுண்டேஷன்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். நாங்களும் முதலில் அப்படி ஒன்றில்தான் ஒரு பருவம் போட்டுப் பார்த்தோம். வாராவாரம் ஓ.எம்.ஆர். தாளில் தேர்வு, மாலையே வாட்ஸ்அப் குழுவில் ரேங்க் பட்டியல். பெண் முதல் பத்துக்குள் வந்துகொண்டிருந்தாள். ஆனால் வீட்டுக்கு வந்து கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டாள். பருவம் முடிந்ததும் நின்றுவிட்டோம்.

இரண்டாவது ரகம், அதே வயதுக் கணக்கை ஆழமாகத் தோண்டுவது. எங்களுக்குக் கிடைத்தது மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டு மாடி. நடத்தியவர் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார். இரண்டரை மணி நேரத்தில் மொத்தமே இரண்டு மூன்று கணக்குதான் நடக்கும். ஆரம்பத்தில் எனக்கே, இதற்கா தாம்பரத்திலிருந்து மின்சார ரயில் பிடித்து வருகிறோம் என்று இருந்தது.

ஒரு வகுப்பைச் சொன்னால் புரியும். ஏதாவது ஒரு நாலு இலக்க எண்ணை எழுதச் சொன்னார். எல்லா இலக்கமும் ஒன்றாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை. இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கி, அதிலிருந்து ஏறுவரிசை எண்ணைக் கழிக்க வேண்டும். வந்த விடையை மறுபடி அதேபோல். 3524 என்று வைத்தால் 5432-லிருந்து 2345 போக 3087, அடுத்து 8352, அடுத்து 6174. அதற்குமேல் நகராது, 6174-தான் திரும்பத் திரும்ப வரும். எந்த எண்ணில் தொடங்கினாலும் ஏழு படிக்குள் அங்கே வந்து நின்றுவிடும். மகாராஷ்டிரத்தின் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர் கண்டுபிடித்தது இது.

பல இடங்களில் இதோடு கைதட்டி முடித்துவிடுவார்கள். இவர் ‘சரி, மூணு இலக்கத்துக்கு என்ன ஆகும்? ரெண்டு இலக்கத்துக்கு?’ என்று கேட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். மூன்று இலக்கம் 495-ல் நிற்கிறது. இரண்டு இலக்கம் நிற்கவே இல்லை: 9, 81, 63, 27, 45, மறுபடி 9 என்று சுற்றுகிறது. எல்லாமே ஒன்பதின் மடங்கு என்பதை இவள் திரும்பும்போது ரயிலில் கவனித்தாள். ஏன் என்று நான் சொல்லவில்லை (எனக்கும் சட்டென்று வரவில்லை என்பது வேறு விஷயம்). இரண்டு இலக்கங்களின் வித்தியாசத்தை ஒன்பதால் பெருக்கினால் கழித்தல் விடை வந்துவிடுகிறது என்று நாலைந்து நாள் கழித்து அவளே எழுதிக்கொண்டு வந்தாள்.

எங்களுக்குக் கிடைத்த பெரிய லாபம் இதுதான். பள்ளியில் எதைக் கேட்டாலும் ஒரே நிமிடத்தில் விடை சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, வராத கணக்கு என்றால் அழுகை வரும், நோட்டை மூடிவிடுவாள். சார் பக்கத்தில் வந்து ‘எங்கம்மா மாட்டிக்கிட்ட?’ என்று மட்டும் கேட்பார், வழி சொல்லமாட்டார். ஒரு வருஷத்துக்குள் அந்த அழுகை போயிற்று. அப்புறம் தன்னைப் போலவே கணக்குப் பைத்தியமாக ஒரு தோழி கிடைத்தாள். பள்ளியில் அப்படி யாரும் இல்லை.

போட்டித் தேர்வுகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்தியக் கணித ஆசிரியர் சங்கமான ஏ.எம்.டி.ஐ. நடத்தும் என்.எம்.டி.சி. என்ற கணிதத் திறன் தேர்வில் தொடங்குவது நல்லது. ஏழு, எட்டாம் வகுப்புக்கான பிரிவுக்கே காப்ரேகர் பெயர்தான். எட்டாம் வகுப்பிலிருந்து, கணித ஒலிம்பியாடுக்கான முதல் கட்டத் தேர்வான ஐ.ஓ.கியூ.எம். எழுதலாம்: 3 மணி நேரம், 30 கேள்விகள், விடைகள் எல்லாம் முழு எண்கள். அதில் தேறினால் மண்டல அளவிலான ஆர்.எம்.ஓ.; அங்கே அதே 3 மணி நேரத்துக்கு 6 கணக்குதான், ஆனால் நிரூபணத்தை முழுதாக எழுத வேண்டும். இவள் அதுவரை போய் ஒன்றரைக் கணக்கு எழுதினாள். அடுத்த கட்டமான தேசிய அளவிலான ஐ.என்.எம்.ஓ.வுக்குத் தேறவில்லை. சர்வதேசக் கணித ஒலிம்பியாடுக்கு இந்தியாவிலிருந்து போவது ஆறே பேர். அந்தக் கனவோடு ஆறாம் வகுப்பில் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோர்களை மாடிப்படியில் நிறையப் பார்த்தேன், பாவம் அந்தப் பிள்ளைகள்.

குறைகளும் உண்டு. பன்னிரண்டு பேர் இருந்த வகுப்பு பேர் பரவியதும் முப்பதைத் தொட்டது; சார் பக்கத்தில் வந்து உட்காருவது குறைந்துபோனது. கடைசி வருஷம் ஆகஸ்டை ஒட்டி மாதிரித் தேர்வாகவே ஓடியது. மாதம் மூவாயிரத்துச் சொச்சம் எல்லாராலும் கட்ட முடியாது. தமிழ்வழியில் படித்த ஒரு பெண்ணுக்குக் கேள்வி ஆங்கிலத்தில் இருந்ததுதான் தடை. சார் தமிழில் சொன்ன மறுநிமிடம் வழியைப் பிடித்துவிடுவாள். ஞாயிறு விளையாட்டு, உறவுக்காரர் கல்யாணம், எல்லாம் போயிற்று.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்க விடுவார்களா என்று கேளுங்கள். கரும்பலகையில் யார் அதிகம் எழுதுகிறார்கள், ஆசிரியரா பிள்ளைகளா என்று மட்டும் கவனித்தால் போதும். ரேங்க் பட்டியலைக் காட்டிச் சேர்க்கை பேசினால் வேறு இடம் பாருங்கள். சின்னவனும் கணக்கில் நல்ல மார்க் வாங்குகிறான்தான். ஆனால் பாடம் முடிந்தால் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரகம். அவனை அனுப்பவில்லை.