றாஸ்பெரி பை பிக்கோ: பௌதிகவியல் ஆய்வுகூடத்துக்கு ஏற்றதா?

யாழ்ப்பாணத்தில் பௌதிகவியல் ஆய்வுகூடமொன்றுக்கு உட்பொதி மின்னணுக் கருவிகளை வடிவமைக்கும் பொறியியலாளன் என்ற வகையில், 2021 ஜனவரியில் வெளியான, கருவிகளை இயக்கும் சிறு கணினிச் சில்லைக் கொண்ட றாஸ்பெரி பை பிக்கோ என்ற இந்தப் பலகையை மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன். இதன் ஆர்பி2040 சில்லில் இரண்டு கோர்ட்டெக்ஸ் செயலிக் கருக்களும் 264 கிலோபைற் நினைவகமும் இருந்தாலும், உண்மையான வலிமை பிரதான நிரலைச் சாராமல் பலகையின் இணைப்பு ஊசிகளைத் தாமே கையாளும், பிஐஓ எனப்படும் எட்டு நிலைப்பொறிகளிலேயே உள்ளது. 125 மெகாஹேர்ட்ஸ் கடிகாரத்தில் அவற்றின் கட்டளையொன்று 8 நனோசெக்கனில் முடிவதால், பிரதான நிரல் தரவுகளைக் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வேளையிலும் கதிர்வீச்சை உணரும் கைகர் குழாயின் துடிப்புகளைத் தவறவிடாமல் எண்ண முடிகிறது. இவ்வளவு குறைந்த விலையில் இந்த நேரத்துல்லியம் கிடைப்பது எம்போன்ற சிறிய ஆய்வுகூடங்களுக்குப் பெரும் பேறு.

அனலொக் அளவீட்டுக்கு மட்டும் இதனை நம்பக்கூடாது. மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும், 12 பிற் எனக் குறிப்பிடப்படும் மாற்றியின் பயன்தரு துல்லியம் 9 பிற்றைக்கூட எட்டுவதில்லை. நான்கு இடங்களில் அதன் நேர்கோட்டுத்தன்மை குலைவதைத் சில்லின் தரவுத்தாளே ஒப்புக்கொள்கிறது. ஆகவே சூரியக்கலத்தின் மின்னோட்ட, மின்னழுத்த வளையியை வரையும் மாணவர்கள், ஏடிஎஸ்1115 போன்ற 16 பிற் மாற்றியைத் தனியே இணைத்துக்கொள்வதே சரியானது. ஊசிகள் 3.3 வோல்ற்றுக்கே உரியவை; 5 வோல்ற்று உணரிகளை நேரடியாகப் பொருத்தலாகாது.

விளிம்பில் அரைவட்டத் துளைகள் இருப்பதால், பலகையை வேறொரு சுற்றுப்பலகைமீது நேரடியாகவே பற்றாசு பிடித்துப் பொருத்தலாம். உப்புக்காற்றில் தளர்வான இணைப்புகள் விரைவில் கறுத்துப்போகும் எமது ஊருக்கு இந்த வசதி மிகவும் பயனுள்ளது.