பல்கலைக்கழகத்திடம் பரிசோதனைக்குப் போகும் சிறுதொழில்காரர்கள் கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

7,08,000 ரூபாய். பல்கலைக்கழகத்துக்குக் கட்டிய பரிசோதனைக் கட்டணம் ஆறு லட்சம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,08,000. அத்தனையும் போய், கையில் மிஞ்சியது ஒரு மெல்லிய அறிக்கை. நேற்று அங்கிருந்து வந்த கடைசிப் பதிலைப் படித்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

திருப்பூரில் சாயப்பட்டறை நடத்துகிறேன். 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாமல் தொழில் செய்வது எவ்வளவு பாடு என்று ஊருக்கே தெரியும். அடர் நிறத்துக்கு லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் வரை உப்பு போடுகிறோம். அந்த உப்புக் கரைசலைத் திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கொண்டால், கழிவுநீரைக் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டரின் சுமை குறையும். ஆனால் அதில் பழைய நிறம் மிச்சம் இருந்தால் ஷேடு மாறிவிடும். அந்த நிறத்தை எடுக்கச் சிரட்டைக் கரியை என் முறையில் பதப்படுத்தியிருந்தேன். பட்டறையில் அது வேலை செய்தது. ஒரு கிலோ கரி எத்தனை லிட்டர் தாங்கும், எத்தனை முறை திரும்பப் பயன்படும் என்ற கணக்கு மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அதற்காகத்தான் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். அங்கிருந்த பேராசிரியர் கரியை எடுத்து விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சேவை ஒப்பந்தம் என்றால் நாலு எண்களைக் கொடுத்து அனுப்பிவிடுவோம் சார். ஆராய்ச்சி ஒப்பந்தம் போடுங்கள், ஒரு மாணவரையே உங்களுக்காக உட்கார வைக்கிறேன். இது எல்லோருக்கும் போடும் படிவம்தான், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். வாத்தியார் சொல்லை நம்பி வளர்ந்தவர்கள் நாம். அன்றே பணம் கட்டினேன்.

அந்த நாலு எண்கள்தான் எனக்குத் தேவை என்பது அவருக்குத் தெரியாதா? சேவை ஒப்பந்தத்தில் என்ன சோதனை, எந்த மாதிரி, எந்தத் தேதி என்பதெல்லாம் எழுத்தில் இருக்கும். முடிவும் பொதுவாகப் பணம் கட்டியவருக்கே சொந்தம். ஆராய்ச்சி ஒப்பந்தத்தில் இயன்ற முயற்சி செய்வதாக மட்டுமே சொல்வார்கள். என் படிவத்தில் கண்டுபிடிப்பு பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம், கட்டுரை வெளியிடும் உரிமையும் அவர்களுக்கே. விடை யாருக்கும் தெரியாத கேள்விக்கு ஆராய்ச்சி ஒப்பந்தம் சரியானதுதான், அதை நான் குறை சொல்லவில்லை. என்னுடைய கேள்வி அப்படிப்பட்டதல்ல.

அறிக்கையில் முக்கால்வாசி மற்றவர்கள் ஆய்வின் சுருக்கம். என் கரியைப் பற்றி ஒரே ஓர் அட்டவணை. அதையும் சாதாரணத் தண்ணீரில் சாயத்தைக் கரைத்து எடுத்திருக்கிறார்கள். நான் கேன் கேனாக அனுப்பிய உப்புக் கரைசலைத் தொடவே இல்லை! உப்பில்லாமல் எடுத்த அளவீட்டை வைத்துக்கொண்டு சாயப்பட்டறையில் என்ன செய்வது? இதைவிடக் கொடுமை, கரியைப் பதப்படுத்தும் சூடு, நேரம் எல்லாம் ஒரு கருத்தரங்கச் சுருக்கத்தில் அச்சாகிவிட்டன. காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன் விஷயம் வெளியே வந்துவிட்டால், புதுமை இல்லை என்று விண்ணப்பத்தை மறுக்க இடமிருக்கிறது.

பேராசிரியரைக் கேட்டால், மாணவர் வேலை கிடைத்துப் போய்விட்டாராம். தொழில்துறை உறவுக்கான அலுவலகம் துறையைக் கேட்கச் சொன்னது. துறை நிதிப் பிரிவுக்கு அனுப்பியது. நிதிப் பிரிவு, பணம் உதவித்தொகைக்கும் நிர்வாகச் செலவுக்கும் போய்விட்டது என்றது. நேற்று வந்தது ஒற்றை வரி: "ஒப்பந்தப்படி இயன்ற முயற்சி மேற்கொள்ளப்பட்டது." 7,08,000 ரூபாய்க்கு அவ்வளவுதான் பதில்.

விரிவாக எழுத இப்போது மனம் ஓடவில்லை. வெறும் அளவீடு வேண்டுமென்றால் சேவை ஒப்பந்தம் மட்டும் போடுங்கள். பணத்தைத் தவணையாகக் கொடுங்கள், கடைசித் தவணை அறிக்கை கைக்கு வந்த பிறகுதான். எந்த மாதிரியில் சோதனை என்று எழுதி வாங்குங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் எதையும் வெளியிடக் கூடாது என்ற வரி இல்லாவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். காப்புரிமை விண்ணப்பத்தை முதலில் போட்டுவிட்டு, அதற்குப் பிறகு மாதிரியை அனுப்புங்கள்.