ஆறு நாள், ஆறு முழுக்க, ஒரே ஒரு மீன்

ஸ்டீல்ஹெட் என்கிற மீனை ஃப்ளை ஃபிஷிங்கில் பிடிக்க ஒரு லாட்ஜுக்குப் போய் வந்தேன். லாட்ஜ் என்றதும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற லாட்ஜை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது கனடாவில், பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்கில், ஸ்கீனா ஆற்றில் வந்து கலக்கிற ஒரு கிளையாற்றின் கரையில், சாலையே போகாத காட்டுக்குள் மரத்தால் கட்டிய ஏழெட்டு அறை வீடு. பெயர் சொல்ல மாட்டேன். ஆற்றின் பெயரைச் சொன்னாலே எந்த லாட்ஜ் என்று தெரிந்துவிடும், குறையும் சொல்லப் போகிறேன், அதனால் வேண்டாம்.

காசை முதலில் பேசிவிடலாம். ஏழு இரவு, ஆறு நாள் மீன்பிடி, ஆளுக்கு 7,200 அமெரிக்க டாலர். ஸ்மிதர்ஸ் என்கிற சின்ன ஊர் வரை நம் செலவில் போக வேண்டும், வான்கூவரிலிருந்து விமானம் இருக்கிறது. அங்கிருந்து ஹெலிகாப்டர் லாட்ஜ் கணக்கு. அரசாங்க லைசென்ஸ் தனி: கனடாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு நாங்கள் போன சமயத்தில் எட்டு நாள் லைசென்ஸ் 50 கனடிய டாலர், ஸ்டீல்ஹெட் பிடிக்க அதன்மேல் 60, அரசாங்கம் முதல் வகுப்பு என்று தரம் பிரித்திருக்கிற ஆறு என்பதால் நாளுக்கு 40 வீதம் ஆறு நாளைக்கு 240. ஆக 350, வரி அதற்கு மேல். கடைசி நாள் கைடுக்கும் சமையல்காரருக்கும் கொடுக்க வேண்டியதையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அது சின்னத் தொகை இல்லை.

என் மச்சினன் இதையெல்லாம் ரூபாயில் கூட்டிப் பார்த்துவிட்டு, "அத்தான், ஆறு லட்சத்துக்கு மேல கொடுத்து மீன் பிடிச்சு, அதைத் திரும்ப ஆத்துலயே விட்டுட்டு வரணுமா?" என்றான். ஆமாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் காட்டு ஸ்டீல்ஹெட்டை வைத்துக்கொள்ளக் கூடாது, பிடித்தால் விட்டே ஆக வேண்டும், சட்டம். கொக்கியின் உள்பக்கம் திரும்பி நிற்கிற சின்ன முள்ளையும் இடுக்கியால் நசுக்கிவிட வேண்டும். கேட்டவன் கடைசியில் கூடவே கிளம்பிவிட்டான் என்பது வேறு விஷயம்.

இந்த மீனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் ஏன் இவ்வளவு பைத்தியம் என்று புரியாது. ஸ்டீல்ஹெட் தனி இனம் இல்லை, ரெயின்போ ட்ரவுட்தான். அதே ஆற்றில் பிறந்த குஞ்சுகளில் சில ஆற்றிலேயே தங்கி ட்ரவுட்டாக வாழ்ந்து முடிக்கும், சில கடலுக்குப் போய், இரண்டு மூன்று வருஷம் தின்று கொழுத்து, கைநீளத்துக்கு வெள்ளிக்கட்டி மாதிரித் திரும்பி வரும். சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும், இது சாக வேண்டும் என்றில்லை, சில மீன்கள் மறுபடியும் கடலுக்குப் போய் மறுபடியும் வரும். ஸ்கீனா பக்கத்து மீன்கள் கோடையின் கடைசியில் ஆற்றுக்குள் நுழைந்து, பனிக்காலம் முழுக்க அங்கேயே கிடந்து, வசந்தத்தில்தான் முட்டையிடும். அதுவரை பெரிதாக எதையும் தின்பதில்லை. பசிக்காத மீனுக்கு இறகும் நூலும் சுற்றிய, ஃப்ளை என்கிற ஒரு கொக்கியைக் காட்டி வாயைத் திறக்க வைக்க வேண்டும், விளையாட்டே அதுதான். கோபத்தில் கடிக்கிறதா, குஞ்சாக இருந்தபோது தின்ற ஞாபகத்தில் கடிக்கிறதா, ஆளுக்கொரு கதை சொல்வார்கள்.

நான் இருப்பது வாஷிங்டன் மாநிலத்தில். எங்கள் மாநில மீனே ஸ்டீல்ஹெட்தான். ஆனால் பியூஜெட் சவுண்டில் கலக்கும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட்டை 2007-லேயே அழியும் ஆபத்தில் இருப்பவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். இங்கே கிடைப்பவற்றில் நிறைய பண்ணையில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டவை. அடையாளத்துக்காக முதுகில் வால்பக்கம் இருக்கும் குட்டிக் கொழுப்புத் துடுப்பை வெட்டியிருப்பார்கள். அந்தத் துடுப்பு முழுசாக இருக்கிற மீனை ஒரு தடவையாவது கையில் தொட வேண்டும் என்றுதான் இரண்டு வருஷம் சேர்த்து வைத்துப் போனேன்.

சரி, லாட்ஜ். படுக்கை சுகம். சாப்பாடு நன்றாகவே இருந்தது. நாங்கள் மாட்டுக்கறி சாப்பிட மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தோம், ஒருநாள்கூட மறக்கவில்லை. வைஃபை உண்டு, மெதுவாக. உண்மையிலேயே பாராட்ட வேண்டியது துணி காயவைக்கும் அறை. விறகடுப்பு இரவு முழுக்க எரியும், சுவர் நெடுக முளை அடித்து வேடர்ஸ் (தண்ணீரில் இறங்கப் போடுகிற நீர்புகாக் காற்சட்டை), கையுறை, சாக்ஸ் எல்லாம் தொங்கும், காலையில் ஏழு மணிக்கு எடுத்தால் எலும்பு மாதிரிக் காய்ந்து சூடாக இருக்கும். செப்டம்பர் மூன்றாவது வாரம், விடியற்காலையில் தூண்டில் ராட் வளையங்களில் பனி உறைகிற குளிர். அந்த அறை இல்லையென்றால் மூன்றாம் நாளே ஊரைப் பார்க்கக் கிளம்பியிருப்பேன்.

மொத்தமே எட்டுப் பேர், நாலு கைடு, ஒரு ஜெட் படகுக்கு இரண்டு பேர். காலையில் படகு நம்மை ஒரு கூழாங்கல் திட்டில் இறக்கிவிடும். பதின்மூன்று அடி நீளம், இரண்டு கையாலும் பிடிக்கிற ஸ்பே ராட், நூல் கனத்தில் எட்டாம் நம்பர். பின்னால் மரம் அடர்ந்திருக்கும், நூலைப் பின்பக்கம் வீச இடம் கிடையாது, அதனால் நூலைத் தண்ணீர்மேல் ஒரு சுழற்றுச் சுழற்றி, தண்ணீரின் பிடிப்பையே பலமாக வைத்து எதிர்க்கரைப் பக்கம் சாய்வாக எறிய வேண்டும். ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் பிறந்த வித்தை, பெயரும் அந்த ஆற்றின் பெயர்தான். எறிந்தபின் நீரோட்டம் ஃப்ளையை அரைவட்டமாக இழுத்துக்கொண்டு வந்து நமக்கு நேர் கீழே நிறுத்தும். இரண்டு எட்டு கீழே நட. மறுபடியும் எறி. இப்படி ஒரு நாளைக்கு முன்னூறு, நானூறு தடவை. உறுமீனுக்கு நிற்கிற கொக்குகூட இவ்வளவு உழைக்காது.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் காலை மச்சினனுக்கு ஒரு இழுப்பு. அவன் உடனே ராடைத் தூக்கி வெட்டி இழுத்தான், போயிற்று. ஆற்று ட்ரவுட்டுக்கு அது சரி, இதற்குச் சரியில்லை. மீன் கவ்வித் திரும்பும்வரை கையை அசைக்காமல் விட வேண்டும், திரும்பும்போது கொக்கி தானாகவே வாயோரத்தில் ஏறிக்கொள்ளும். கைடு இதை முதல் நாளே நாலு தடவை சொல்லியிருந்தார். கேட்கும்போது சுலபம்தான். சாயங்காலம் வரை அவன் யாரிடமும் பேசவில்லை.

அன்று இரவு மழை. அடுத்த இரண்டு நாளைப் பற்றித்தான் எனக்கு மனத்தாங்கல்.

காலையில் எழுந்து பார்த்தால் ஆறு ஒன்றரை அடி ஏறி, சிமெண்ட் கரைத்த நிறத்தில் ஓடுகிறது. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, இலையுதிர் கால மழை வடக்கில் அப்படித்தான். கைடு பூட்ஸோடு தண்ணீருக்குள் மெதுவாக இறங்கி, எந்த ஆழத்தில் பூட்ஸ் முனை கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பார், அதுதான் அவருடைய அளவுகோல். இரண்டடி தெரிந்தால் போகலாம். அன்று கணுக்கால் தாண்டியதும் மறைந்துவிட்டது. மேனேஜர், "நாளைக்குத் தெளிந்துவிடும், இன்று ஓய்வெடுங்கள்" என்றார். சரி என்று நம்பினோம். ஃப்ளை கட்டினோம், சீட்டு விளையாடினோம். மறுநாளும் அதே நிறம், அதே பதில். மத்தியானம் காபி குடிக்கும்போது ஒரு இளவயது கைடு பேச்சுவாக்கில் சொல்கிறார்: கலக்குவது மேலே பனிப்பாறையிலிருந்து வந்து சேர்கிற ஒரு ஓடைதான், அந்த ஓடை சேரும் இடத்துக்கு மேலே ஆறு எப்போதும் தெளிவாகத்தான் இருக்கும், ஏரித் தண்ணீர் அது. பிறகு ஏன் கூட்டிப் போகவில்லை? படகில் ஒன்றேகால் மணி நேரம், பெட்ரோல் நிறைய ஆகும். இதை அவர் சொல்லவில்லை, முகம் சொன்னது. நாங்கள் எட்டுப் பேரும் சேர்ந்து போய்க் கேட்ட பிறகுதான் படகு கிளம்பியது. ஒப்பந்தத்தில் ஆறு கலங்கினால் பணம் திரும்பக் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது, நான் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். மழைக்கு நஷ்ட ஈடு கேட்கவில்லை. தெளிந்த தண்ணீர் இருக்கிறது என்பதை முதல் நாளே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம் அல்லவா? நாளுக்கு ஆயிரத்து இருநூறு டாலர் கொடுத்து நான் சீட்டு விளையாடியிருக்கிறேன்.

இரண்டாவது குறை வேடர்ஸ். மார்பு வரை வருகிற அந்த நீர்புகாக் காற்சட்டையை லாட்ஜிலேயே வாடகை இல்லாமல் தருவோம் என்றார்கள், சுமை குறையுமே என்று என்னுடையதை வீட்டில் விட்டுப் போனேன். கொடுத்ததில் இடது தொடைத் தையலில் ஊசித்துளை. ஆறு டிகிரித் தண்ணீர் ஒரு சொட்டு ஒரு சொட்டாகத் தொடை வழியே இறங்கி, பதினோரு மணிக்கு சாக்ஸுக்குள் குளம் கட்டிவிடும். சொன்னதும் பசை தடவிக் கொடுத்தார்கள், ஒரு நாள் தாங்கியது.

ஐந்தாம் நாள், அந்த மேல்பகுதியில். மழை விட்டு, மலையுச்சியில் புதுப்பனி, எதிர்க்கரையில் ஒரு கிரிஸ்லி கரடி செத்த சால்மனை இழுத்துப் போட்டுத் தின்றுகொண்டிருந்தது, எங்களைத் தலைதூக்கிக்கூடப் பார்க்கவில்லை. கைடு படகை இருநூறு அடி கீழே நகர்த்திவிட்டு, வேகத் தண்ணீரும் மெதுவான தண்ணீரும் உரசிக்கொண்டு ஓடுகிற ஒரு கோட்டைக் காட்டினார். "அந்தப் பெரிய பாறையைத் தாண்டினதும் அவசரப்படாதீங்க." பாறை தாண்டி மூன்றாவது வீச்சு. ஃப்ளை அரைவட்டத்தில் பாதி வந்திருக்கும், நூல் நின்றது. கல்லில் மாட்டியது மாதிரி, அவ்வளவுதான். அப்புறம் அந்தக் கல் நடக்க ஆரம்பித்தது. நூல் சுற்றியிருக்கிற ரீல் கத்திய கத்தலில் கரடிகூட நிமிர்ந்தது என்று மச்சினன் சத்தியம் செய்கிறான். மீன் இரண்டு தடவை முழு உடம்போடு எழும்பி விழுந்தது, நூறு கெஜம் நூலை எடுத்துக்கொண்டு போனது, நான் பாசி பிடித்த கல்லில் விழுந்து எழுந்து பின்னால் ஓடினேன், வேடர்ஸ் ஓட்டை ஞாபகமே இல்லை. பதினைந்து நிமிஷம் இருக்கும்.

பெண் மீன். கைடு மதிப்பில் பன்னிரண்டு பவுண்டு. வலையிலிருந்து தூக்கவே விடவில்லை, தலையும் செவுளும் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், போட்டோ என்றால் எண்ணி மூன்று நொடி, சொட்டச் சொட்ட. செவுள்மூடியில் ரோஜா நிறம் லேசாக ஏறத் தொடங்கியிருந்தது. முதுகில் அந்தக் குட்டித் துடுப்பு முழுசாக இருந்தது, சுண்டுவிரல் நகம் அளவு, தொட்டால் ஈரமான காது மடல் மாதிரி. தலை நீரோட்டத்துக்கு எதிராக இருக்கும்படி வாலைப் பிடித்திருந்தேன், என் கையை ஒரு உதறு உதறிவிட்டுப் போய்விட்டது.

அதன்பின் ஒருநாள் முழுக்க எறிந்தும் எனக்கு எதுவும் இல்லை. மற்ற படகுகளில் ஒருவர் மூன்று பிடித்தார், இரண்டு பேர் வாரம் முழுக்க வெறும் கை. விளம்பரப் படங்களில் ஆளுக்கொரு மீனோடு சிரிக்கிறார்கள், அந்தக் கணக்கை நம்பிப் போகாதீர்கள். ஸ்கீனா முகத்துவாரத்துக்கு அருகே டையி என்கிற இடத்தில் சோதனை வலை போட்டு 1956 முதல் கணக்கெடுக்கிறார்கள், 2021-ல் அந்தக் கணக்கிலேயே மிகக் குறைவாக மீன் வந்ததால் அக்டோபரில் ஸ்டீல்ஹெட் பிடிப்பதையே அரசு மூடிவிட்டது. முன்பணம் கட்டிய பிறகும் அப்படி நடக்கலாம். மூடினால் பணம் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் லாட்ஜ் அடுத்த வருஷத்துக்கு மாற்றித் தருவதாக எழுதித் தந்தது, அது நியாயம்தான்.

அப்படியானால் அந்தப் பணம் எதற்கு? ஆள் இல்லாத தண்ணீருக்கு. முக்கியமான ஆறுகளில் கைடுகள் வருஷத்துக்கு எத்தனை ஆள்நாள் கூட்டிப் போகலாம் என்று மாகாணம் அளந்து வைத்திருக்கிறது, அதனால்தான் இடம் குறைவு, விலை அதிகம். ஆறு நாளில் எங்கள் கூட்டம் தவிர நான் பார்த்த மனிதர்கள், ரப்பர் படகில் மிதந்து போன இரண்டு பேர். எங்கள் ஊர் ஆற்றில் சனிக்கிழமை காலை ஒரு திட்டுக்கு ஆறு பேர் வரிசையில் நிற்போம். கைடுக்காகவும் கொடுக்கலாம், எங்களுக்கு வாய்த்தவர் தங்கம், என் வீச்சில் பத்து வருஷமாக இருந்த தப்பை ஒரே மத்தியானத்தில் சரிசெய்துவிட்டார், கீழ்க்கை வேலை செய்ய வேண்டிய இடத்தில் மேல்க்கையால் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புதிதாக ஃப்ளை ஃபிஷிங் பழகுபவர் இவ்வளவு தூரம் போக வேண்டாம். அதே ஸ்மிதர்ஸ் ஊரை ஒட்டியே பல்க்லி ஆறு ஓடுகிறது, அதே இன மீன், இரண்டாம் வகுப்பு என்பதால் அதன் லைசென்ஸ் நாங்கள் போனபோது நாளுக்கு 20 டாலர்தான், ஊருக்குள் மோட்டலில் தங்கிக்கொண்டு நாள் கணக்கில் கைடு வைத்துக்கொள்ளலாம். மச்சினன் அடுத்த வருஷம் அங்கேதான் என்கிறான். நான் மேனேஜருக்கு ஓடை விஷயத்தையும் ஓட்டை விஷயத்தையும் விரிவாக எழுதினேன். மூன்று வரியில் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து, அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசி வாரத்தில் இரண்டு இடம் இருக்கிறது, 15-ஆம் தேதிக்குள் சொல்ல வேண்டும் என்று. இன்னும் பதில் போடவில்லை. போனால் என் வேடர்ஸை நானே எடுத்துப் போவேன்.