மெல்பனில் வாங்கி சிட்னிக்குக் கொண்டுவந்த கார்: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சிட்னியில் இருந்துகொண்டு மெல்பனிலோ பிரிஸ்பேனிலோ பழைய கார் தேடிக்கொண்டிருப்பவர்கள், பணத்தை அனுப்புவதற்கு முன் இதைப் படித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் 24,500 டாலர் கொடுத்து மெல்பன் புறநகரில் ஒருவரிடம் வாங்கிய 2016ஆம் ஆண்டு எஸ்.யூ.வி., வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்து, பின்னர் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்த வண்டி. இத்தகைய செய்தியைக் கேட்டவுடன் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பி.பி.எஸ்.ஆர். பார்க்கவில்லையா?" என்பதுதான். வண்டியின் கடன், திருட்டு, கழிவு விவரங்களைக் காட்டும் அரசுப் பதிவேடு அது. பார்த்தேன். ஆர்.டபிள்யூ.சி. எனப்படும் விக்டோரியாவின் சாலைத் தகுதிச் சான்றும் இருந்தது. வாங்கும் முன் ஒரு நடமாடும் மெக்கானிக்கை அனுப்பிச் சோதித்த அறிக்கையும் கையில் இருந்தது. இந்த மூன்று தாள்களும் சுத்தமாக இருக்கும்போதே ஒரு மோசடி எப்படி நடந்தது என்பதை விளக்கவே இதை எழுதுகிறேன்.

வேறு மாநிலத்தில் தேடியதற்குக் காரணம் விலைதான். அதே ஆண்டு, ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு சிட்னியில் மூவாயிரம் டாலர் வரை கூடுதலாகக் கேட்டார்கள். விமானத்தில் போய் ஹியூம் நெடுஞ்சாலை வழியாக ஓட்டி வந்தாலும் லாபம் நிற்கும் என்பது கணக்கு. அந்தக் கணக்கில் பலர் விட்டுவிடும் ஒன்று உண்டு. விக்டோரியாவில் விற்பவர் தரும் ஆர்.டபிள்யூ.சி. நியூ சவுத் வேல்ஸில் செல்லாது. இங்கே வண்டியைப் பதிவு செய்ய, அங்கீகாரம் பெற்ற ஆய்வாளரிடம் ப்ளூ ஸ்லிப் எனப்படும் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டும். கிரீன் ஸ்லிப் எனப்படும் கட்டாயக் காப்பீடு எடுக்க வேண்டும். அதன்மேல் முத்திரைத் தீர்வை உண்டு. 45,000 டாலருக்குக் குறைவான பயணிகள் காருக்கு அது நூற்றுக்கு மூன்று டாலர், அதாவது என் வண்டிக்கு 735 டாலர். இந்தச் செலவுகள் எனக்கு முன்பே தெரியும், அவற்றையும் சேர்த்துத்தான் முடிவெடுத்தேன்.

விற்றவர் தம்மைத் தனிநபர் என்றே அறிமுகப்படுத்திக்கொண்டார். தாம் இரண்டாவது உரிமையாளர் என்றும், வண்டி எப்போதும் மெல்பனில் கூரைக்கு அடியில் நின்றது என்றும் சொன்னார். விபத்து, வெள்ளம், காப்பீட்டுக் கோரிக்கை ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் குறுஞ்செய்தியில் கேட்டேன். மூன்றுக்கும் இல்லை என்று எழுத்திலேயே பதில் தந்தார். சர்வீஸ் புத்தகம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். அது எனக்கு நெருடலாக இருந்தது, ஆனால் பழைய கார் சந்தையில் இந்தக் காரணத்தைக் கேட்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

திரும்பி வரும் வழியில், மாநில எல்லையிலுள்ள ஆல்பரியைத் தாண்டிய பிறகு ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. அணைந்து மீண்டும் எரிந்தது. சிட்னியில் ப்ளூ ஸ்லிப் ஆய்வாளர் அந்த விளக்கைக் கண்டதுமே சான்று தர மறுத்துவிட்டார். பெண்டில் ஹில்லில் கார் மின்வேலை செய்யும் யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஏர்பேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி பெரும்பாலான கார்களில் இரு முன் இருக்கைகளுக்கும் நடுவே, தரையோடு ஒட்டித்தான் இருக்கும். அதைப் பார்ப்பதற்காக நடுப்பெட்டியைக் கழற்றிக் கம்பளத்தைத் தூக்கியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "அண்ணை, இது தண்ணிக்க நிண்ட வாகனம்" என்றார்.

கம்பளம் புதியது. எட்டு ஆண்டு ஓடிய காரில் கம்பளம் மட்டும் கடையிலிருந்து வந்ததுபோல் இருந்ததற்கு அப்போதுதான் விளக்கம் கிடைத்தது. அதற்கடியில் கம்பிக் கட்டுகளின் இடுக்கில் காய்ந்த வண்டல் படிந்திருந்தது. இருக்கைக்கு அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்பான்களின் செம்பு முனைகள் பச்சை பூத்திருந்தன. அவற்றின்மேல் துருத் தடுப்பு எண்ணெய் தெளிக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அந்த இடத்தைத் திறந்து பார்த்து, நிலைமையை அறிந்து, தற்காலிகமாக வேலை செய்ய வைத்து மூடியிருக்கிறார் என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் தேவையில்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால், சுருளுக்குள் எப்போதும் மறைந்திருக்கும் பகுதியில் மட்டும் ஒரே நேர்கோடாக மண் கறை. கம்பிக் கட்டு, கட்டுப்பாட்டுப் பெட்டி, பெல்ட்டுகள் ஆகியவற்றை மாற்ற ஒன்பதாயிரம் டாலருக்கு மேல் ஆகும் என்றும், அதன் பிறகும் விபத்தில் ஏர்பேக் சரியாக விரியும் என்று தம்மால் உறுதி சொல்ல முடியாது என்றும் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

வண்டி எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டிக்கொடுத்தது, ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருந்த பழைய சர்வீஸ் ஸ்டிக்கர். அதில் இருந்தது நியூ சவுத் வேல்ஸின் வடக்கே லிஸ்மோர் பக்கத்து ஒரு பணிமனையின் எண். 2022 பிப்ரவரி 28 அன்று வில்சன்ஸ் ஆறு 14 மீட்டரைத் தாண்டி எழுந்து, அதுவரை இருந்த வெள்ள அளவுகளையெல்லாம் கடந்து லிஸ்மோர் நகர மையத்தையே மூழ்கடித்ததைப் பலரும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். பணிமனைக்காரருக்கு வண்டி நினைவில் இருந்தது. அந்த வெள்ளத்தில் நின்றது, பழுதுபார்க்கத் தகுதியில்லை என்று தாங்கள் திருப்பி அனுப்பியது, முழுக் காப்பீடு இல்லாததால் உரிமையாளர் அகப்பட்ட விலைக்கு விற்றுவிட்டார் என்றெல்லாம் தயங்காமல் சொன்னார். ஆக, என் வண்டி நியூ சவுத் வேல்ஸில் மூழ்கி, விக்டோரியாவில் புதுப் பதிவும் புதுச் சான்றும் பெற்று, மறுபடியும் நியூ சவுத் வேல்ஸுக்கே விற்பனைக்கு வந்திருக்கிறது.

இனி அந்த மூன்று தாள்களுக்கு வருவோம். பி.பி.எஸ்.ஆர். என்பது 2012இல் நாடு முழுவதற்கும் பொதுவாகத் தொடங்கப்பட்ட அரசுப் பதிவேடு. எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட, வின் எனப்படும் வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்து 2 டாலர் கட்டினால், வண்டியின் மேல் கடன் பாக்கி உள்ளதா, திருடப்பட்டதா, பயனற்றது எனக் கழிக்கப்பட்டதா என்பதைக் காட்டும். அதே தகவலைப் பல மடங்கு விலைக்கு விற்கும் தனியார் தளங்களுக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை. கடன் விஷயத்தில் அது மிகவும் பலமான காவல். தேடிய அன்றோ மறுநாளோ வாங்கினால், பதிவில் இல்லாத கடனுக்காக வண்டியை யாரும் உங்களிடமிருந்து பறிக்க முடியாது. கழிக்கப்பட்ட வண்டி என்ற விவரமோ, காப்பீட்டு நிறுவனங்கள், ஏலம் விடுபவர்கள், வண்டி உடைப்பவர்கள் போன்றோர் தெரிவித்தால்தான் அதில் ஏறும். கட்டாயக் காப்பீடான கிரீன் ஸ்லிப் மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டுமே பொறுப்பேற்கும். வண்டி மூழ்கினால் ஒரு காசு தராது. எனவே அதை மட்டும் வைத்திருந்தவரின் கார் ஆற்றில் மூழ்கியபோது, கோரிக்கையும் இல்லை, மதிப்பீட்டாளரும் இல்லை, பதிவும் இல்லை. வெள்ளக் கார் வியாபாரிகள் குறிவைப்பது இத்தகைய வண்டிகளைத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது, ஏனென்றால் கழிக்கப்பட்டது என்று பதிவான வண்டியை அவர்கள் இங்கே சாலையில் ஓட்டும் காராக விற்பது கடினம். 2011 ஜனவரி முதல், பழுதுபார்க்கக்கூடியது என வகைப்படுத்தப்பட்ட கழிவு வண்டிகளைக்கூட, சில விதிவிலக்குகள் தவிர, நியூ சவுத் வேல்ஸ் மீண்டும் பதிவு செய்வதில்லை.

ஆர்.டபிள்யூ.சி. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு, துரு ஆகியவை அன்றைய தேதியில் எப்படி இருந்தன என்று சொல்லும் 30 நாள் ஆயுள் கொண்ட தாள் அது. எச்சரிக்கை விளக்கு அன்று எரியவில்லை, அவ்வளவுதான். குயின்ஸ்லாந்தில் தனிநபர் விற்பனைக்கான பாதுகாப்புச் சான்று இரண்டு மாதம் அல்லது 2,000 கிலோமீட்டர் வரை செல்லும்; தெற்கு ஆஸ்திரேலியாவிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் பதிவுள்ள காரை விற்கும் தனிநபர் எந்தச் சான்றும் தர வேண்டியதில்லை. மூன்றாவதான மெக்கானிக் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், கம்பளம், உட்புறப் பலகைகள் எதுவும் கழற்றப்படவில்லை என்று சிறிய எழுத்தில் ஒரு வரி உள்ளது. அது நியாயமான வரிதான். வேறொருவரின் வண்டியை வாங்கும் முன் கழற்றிப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை. ஆனால் பெல்ட்டைக் கடைசி வரை இழுப்பதற்கும், இருக்கைத் தண்டவாளத்தின் திருகுகளில் துரு உண்டா என்று கைவிளக்கு அடித்துப் பார்ப்பதற்கும், உபரிச் சக்கரம் வைக்கும் குழியில் நீர்க்கோடு தெரிகிறதா என்று பார்ப்பதற்கும், முகப்பு விளக்குக் கண்ணாடிக்குள் ஈரம் பூத்திருக்கிறதா என்று கவனிப்பதற்கும் எதையும் கழற்ற வேண்டியதில்லை. நீங்கள் அனுப்பும் மெக்கானிக்கிடம் இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், புகைப்படமும் கேளுங்கள். பொதுவாக "பார்த்துச் சொல்லுங்கள்" என்றால் அவர் எஞ்சினைத்தான் பார்ப்பார்.

என்னை மிகவும் அலைக்கழித்தது இதற்குப் பின் வந்த சட்டப் பக்கம். தனிநபரிடம் வாங்கும் பொருளின் தரத்துக்கு ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் உத்தரவாதங்கள் பொருந்தாது. உரிமம் பெற்ற வியாபாரியிடம் வாங்கியிருந்தால் விக்டோரியாவில் நிலைமை வேறு: பத்து ஆண்டுக்குள்ளும் 160,000 கிலோமீட்டருக்குள்ளும் உள்ள காருக்கு மூன்று மாதம் அல்லது 5,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு, மனம் மாறினால் மூன்று வேலை நாளுக்குள் சிறு தொகை இழந்து விலகிக்கொள்ளவும் முடியும். எனக்கு விற்றவரின் அதே தொலைபேசி எண்ணில் வேறு பல கார்களும் விளம்பரத்தில் இருந்தன. பன்னிரண்டு மாதத்தில் நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகளை விற்பவரை விக்டோரியச் சட்டம் வியாபாரியாகவே கருதும் என்பதால், விளம்பரங்களைப் படமெடுத்து அம்மாநில நுகர்வோர் துறையிடம் புகாராகக் கொடுத்தேன். உரிமமின்றி விற்பது பற்றி அவர்கள் விசாரிப்பார்கள். என் பணத்தை மீட்டுத் தருவது அவர்கள் வேலையாக இருக்காது.

அதிகச் செலவில்லாமல் தீர்வு பெறச் சாதாரண மக்கள் போகும் இடம் மாநிலத் தீர்ப்பாயம். இங்கே என்கேட், அங்கே வீகேட். இரண்டின் கதவும் எனக்கு அடைபட்டிருந்தது. 2018 ஏப்ரலில் பர்ன்ஸ் எதிர் கார்பெட் வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம், வெவ்வேறு மாநிலங்களில் வசிக்கும் இரு நபர்களுக்கு இடையிலான வழக்கை மாநிலத் தீர்ப்பாயம் தீர்க்க முடியாது, நீதிமன்றமே தீர்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது. விற்றது ஒரு கம்பெனியாக இருந்தால் இந்தத் தடை வராது. ஆளாக இருந்தால் வரும். மாநிலம் தாண்டித் தனிநபரிடம் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? பக்கத்துத் தெருக்காரரிடம் வாங்கி ஏமாறுவதற்கும் எண்ணூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் தள்ளி வாங்கி ஏமாறுவதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம், என் பார்வையில், பெட்ரோல் செலவில் இல்லை, இந்த இடத்தில்தான் இருக்கிறது.

சிட்னி உள்ளூர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு விக்டோரியாவில் இருப்பவருக்கு நீதிமன்ற அழைப்பாணையைச் சேர்ப்பிக்க 1992ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் வழி தருகிறது. ஆனால் எதிராளி, வழக்கு விக்டோரியாவில்தான் நடக்க வேண்டும் என்று அதை நிறுத்தக் கோரலாம். அந்த இழுபறி வேண்டாமென்று விக்டோரிய மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே, பொய்யான தகவல் தந்து விற்றதற்கான இழப்பீடு கேட்டுத் தாக்கல் செய்தேன். முழு விலையையும் கேட்க எனக்கு உரிமை இருந்திருக்கலாம். ஆயினும் 10,000 டாலருக்குக் குறைவான கோரிக்கை மத்தியஸ்த விசாரணைக்குப் போகும், தோற்றாலும் எதிராளியின் வக்கீல் செலவு தலையில் முழுதாக விழாது என்பதால் அந்த வரம்புக்குள் அடக்கிக்கொண்டேன். விசாரணைக்கு முன்பே அவர் 6,000 டாலர் தர ஒப்புக்கொண்டார். தவறை ஒப்புக்கொள்ளவில்லை, பெயரை வெளியிடக் கூடாது என்பதும் உடன்பாட்டில் ஒன்று. அவரை அந்த அளவுக்கு இறங்கிவரச் செய்தது வெள்ளம் பற்றிய கேள்விக்கு அவர் எழுதிய பதில்தான் என்று நம்புகிறேன். தொலைபேசியில் மட்டும் கேட்டிருந்தால் என்னிடம் ஒன்றுமே இருந்திருக்காது. ஆகவே விற்பவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், "இதுவரை சொன்னதை ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள்" என்று கேளுங்கள். அனுப்ப மறுத்தால் விமான டிக்கெட் எடுக்காதீர்கள். வண்டி எந்தெந்த மாநிலத்தில், எந்த ஆண்டுகளில் பதிவாகியிருந்தது என்பதையும், கடைசியாக எந்தப் பணிமனையில் சர்வீஸ் ஆனது என்பதையும் சேர்த்தே கேளுங்கள். பணிமனையின் பெயர் கிடைத்தால் ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

அந்த வண்டியை இன்னொருவர் தலையில் கட்ட மனம் வரவில்லை. மேற்கு சிட்னியில் வண்டி உடைக்கும் இடம் ஒன்றில், வெள்ளக் கார் என்று சொல்லியே 3,200 டாலருக்குக் கொடுத்தேன். அவர்கள் சட்டப்படி அதைத் தெரிவித்துவிட்டார்கள். இப்போது அந்த வின் எண்ணைப் போட்டு யார் 2 டாலர் கட்டினாலும், கழிக்கப்பட்ட வண்டி என்று வருகிறது.