தாளில் நல்ல படம் வர, கேமராவில் எதை வைப்பது?

திரையில் பளிச்சென்று இருந்த படம் பிரிண்டில் சொதப்பினால் லேபைத்தான் திட்டுகிறோம். பல நேரம் கோளாறு கேமரா செட்டிங்கில்தான் இருக்கும். வீட்டு விசேஷத்தைத் தானே எடுத்து, ஊரிலுள்ள கலர் லேபில் பிரிண்ட் போடுபவருக்காக இந்த ஒப்பீடு.

லார்ஜா, ஸ்மாலா?

லேப் பிரிண்டுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது வழக்கமான கணக்கு. 4x6 அங்குலப் படத்துக்கு 1200x1800 பிக்சல், அதாவது சுமார் 2 மெகாபிக்சல் போதும். அதே படத்தை 12x18 ஆல்பம் பக்கத்தில் போட வேண்டுமென்றால் 3600x5400, கிட்டத்தட்ட 19 மெகாபிக்சல் வேண்டும். எந்தப் படத்தைப் பெரிதாக்கச் சொல்வார்கள் என்று எடுக்கும்போது யாருக்குத் தெரியும்? கேமராவில் பட அளவை லார்ஜ், தரத்தை ஃபைன் என்று வைத்துவிடுங்கள். மெமரி கார்டில் இடத்தை மிச்சம் பிடிக்க இதில் கை வைக்காதீர்கள்.

ஜேபெக்கா, ராவா?

ஜேபெக் என்பது கேமராவே திருத்திச் சுருக்கித் தரும் படம், ரா என்பது கேமரா பதிந்ததைத் திருத்தாமல் வைத்திருக்கும் ஃபைல். மணமேடையில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியைப் பாருங்கள். வீடியோ லைட் நேராக விழுந்தால், ஜேபெக்கில் வேட்டியின் மடிப்புகள் வெள்ளையோடு வெள்ளையாகக் கரைந்துவிடும். பிரிண்டில் அந்த இடம் வெறும் தாளாகத்தான் தெரியும். ஒவ்வொரு நிறத்துக்கும் ஜேபெக் வைத்திருப்பது 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. அதனால் வெளிச்சம் ஓரளவு மிஞ்சிப்போயிருந்தாலும் ராவில் மடிப்பை மீட்க வாய்ப்பு உண்டு. மஞ்சள் விளக்கில் முகமெல்லாம் மஞ்சளடித்திருந்தால் அதையும் சரிசெய்யலாம்.

ஆனால் ராவை அப்படியே லேபில் கொடுக்க முடியாது. கணினியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தி ஜேபெக்காக மாற்ற வேண்டும். அதற்குப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஜேபெக்கே நல்லது. வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் குறைத்து எடுங்கள். முகூர்த்தம் மாதிரி திரும்ப எடுக்க முடியாத நேரத்துக்கு ரா பிளஸ் ஜேபெக். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எஸ்ஆர்ஜிபியா, அடோபி ஆர்ஜிபியா?

படத்தில் எந்தெந்த நிறங்கள் அடங்கும் என்பதற்கு கேமராவில் உள்ள இரண்டு அளவுகோல்கள் இவை. அடோபி ஆர்ஜிபியில் அதிக நிறங்கள் அடங்கும் என்பது உண்மை. அதை நம்பித்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். சாதாரண லேப் மெஷின்கள் பெரும்பாலும் எஸ்ஆர்ஜிபியைத்தான் எதிர்பார்க்கும். ஃபைலில் உள்ள நிறக் குறிப்பை லேப் கவனிக்காமல் விட்டால், அரக்குச் சிவப்புக் கூறைப்புடவை சாயம் போனது போல வெளுத்து வரும், முகத்திலும் உயிர் இருக்காது. சொந்தமாக நல்ல இங்க்ஜெட் பிரிண்டரும், நிறம் சரிபார்த்த மானிட்டரும் வைத்திருப்பவருக்கு அடோபி ஆர்ஜிபி பலன் தரும். மற்ற எல்லோருக்கும் எஸ்ஆர்ஜிபி.

குறைந்த ஐஎஸ்ஓவா, வேகமான ஷட்டரா?

ஐஎஸ்ஓ என்பது கிடைக்கும் வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு தூக்கிக் காட்டும் என்ற எண், ஷட்டர் என்பது வெளிச்சம் உள்ளே விழும் நேரம், நொடிக் கணக்கில். மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 400, ஷட்டர் 1/30 வைத்தாலும், ஐஎஸ்ஓ 1600, ஷட்டர் 1/125 வைத்தாலும் படத்தின் வெளிச்சம் ஒன்றுதான். முதலாவதில் மணல் தூவியது போலத் தெரியும் புள்ளி குறைவு, ஆனால் அட்சதை போடும் கை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவதில் புள்ளி கொஞ்சம் கூடும், கை தெளிவாக நிற்கும். திரையில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துப் பயப்படும் அந்தப் புள்ளிகள் 4x6 பிரிண்டில் பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. அசைந்த முகத்தை எந்தத் தாளும் காப்பாற்றாது. நான் 1600-ஐத்தான் எடுப்பேன்.

3:2-ஆ, 4:3-ஆ?

4x6, 8x12, 12x18 எல்லாம் நீள அகலத்தில் 3:2 விகிதம். 4:3-இல் எடுத்த படத்தை அதில் முழுத் தாளுக்குப் போட்டால் ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். குரூப் போட்டோவில் பின்வரிசைக்காரர் தலை போவது இதனால்தான். 3:2 வைக்க முடியாவிட்டால் மேலும் கீழும் இடம் விட்டு எடுங்கள்.

அப்புறம், லேபுக்கு வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பாதீர்கள், அது பிக்சலைக் குறைத்துவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், இல்லையென்றால் பென்டிரைவில் கொடுங்கள்.