புதுமைப் பெண் திட்டம்: மாதம் ஆயிரம், யாருக்கு எட்டுகிறது, யாருக்கு எட்டவில்லை

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் தமிழ்நாடு அரசு நடத்திவந்த திருமண உதவித் திட்டம்தான் 2022 செப்டம்பர் 5 முதல் புதுமைப் பெண் திட்டமாக நடக்கிறது. முன்பு பத்தாவது படித்த பெண்ணுக்கு 25,000, பட்டதாரிக்கு 50,000, கூடவே தாலிக்கு 8 கிராம் தங்கம். இப்போது பெண் மேற்படிப்பு படிக்கிற காலத்திலேயே மாதம் 1,000 ரூபாய். மாதம் தவறாமல் வந்தால் மூன்று வருடப் பட்டத்துக்கு 36,000, பொறியியலுக்கு 48,000.

இதில் பாராட்ட வேண்டியது, பணம் போய்ச் சேரும் இடம். கல்யாணச் செலவோடு கரைந்துவிடாமல், பெண்ணின் சொந்தக் கணக்கில் விழுகிறது. ஏடிஎம் கார்டும் அவள் பேரில்தான்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குத் தகுதி உண்டு. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் சேரலாம். அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களை 2024 டிசம்பர் இறுதியில் சேர்த்தார்கள். சேரும் கல்லூரி தனியாராக இருந்தாலும் பரவாயில்லை. ஐடிஐ, பாலிடெக்னிக்கும் கணக்கில் வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. அஞ்சல்வழிப் படிப்புக்கும் முதுகலைக்கும் கிடையாது.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகிறது. ஆதார், மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பள்ளி எமிஸ் எண் (அரசின் பள்ளி மாணவர் பதிவில் இருக்கும் எண்), வங்கிப் பாஸ்புக் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரியின் பொறுப்பு அலுவலரைப் பார்த்தால் போதும். சிக்கல் பெரும்பாலும் இரண்டு இடத்தில் வருகிறது. முதலாவது பெயர்: பள்ளிப் பதிவில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் என்றிருந்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும். கல்லூரி திறக்கும் முன்பே ஆதார் மையத்தில் திருத்திவிடுங்கள்.

இரண்டாவது வங்கி. பாஸ்புக் நகலைக் கொடுத்தோமே, அந்தக் கணக்குக்குத்தான் வரும் என்று நினைப்பது தப்பு. ஆதார் அடிப்படையில் அனுப்பும் பணம், ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும். பத்தாவதில் ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்துபோன கணக்காக அது இருக்கலாம். செயலிழந்திருந்தால் பணம் திரும்பிவிடும். ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரிந்துவிடும். மாற்ற வேண்டுமென்றால், வேண்டிய வங்கியிலேயே எழுதிக் கொடுக்கலாம். குறைந்தபட்ச இருப்பு கேட்காத கணக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆயிரத்தில் அபராதம் போய்விடும்.

ஆயிரம் ரூபாய் எதற்குக் காணும்? டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம் என்பதால் ஜெராக்ஸ், ரீசார்ஜ், தேர்வுக் கட்டணம், மதியச் சாப்பாடு என்று அரசுக் கலைக் கல்லூரி மாணவிக்கு நன்றாகவே தாங்கும். சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்துக்கு முன் அது தூசு. தொடங்கிய நாளில் இருந்த தொகைதான். விலைவாசியோடு ஏறும்படி எந்த ஏற்பாடும் வைக்கவில்லை.

ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கருவியாகப் பார்த்தால் இதன் பெரிய குறை, பணம் வரும் நேரம். கல்லூரி வாசலைத் தொட்ட பிறகுதான் முதல் ரூபாய் வருகிறது. ஏழைப் பிள்ளைகள் படிப்பை நிறுத்துவதோ அதற்கு முன்பே, குறிப்பாகப் பத்தாவதோடு. ஏழைப் பிள்ளைகள் பள்ளியில் தொடர்வதற்காகக் குடும்பத்துக்குப் பணம் கொடுக்க மெக்சிகோ 1997-இல் தொடங்கிய ப்ரோக்ரெசா திட்டத்தில் வகுப்பு ஏற ஏறத் தொகையும் ஏறியது; நடுநிலைப் பள்ளியில் பையன்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தார்கள். அங்கே பணம் அம்மா கைக்குப் போனது, அது வேறு கணக்கு. ஆனால் பிள்ளை நின்றுவிடும் வகுப்பு எது என்று பார்த்துப் பணத்தை வைத்தார்கள். இங்கே பழைய திட்டத்தில் பத்தாவதோடு நின்ற பெண்ணுக்கு 25,000 ரூபாயாவது கிடைத்தது. ஐடிஐ, பாலிடெக்னிக் பக்கமும் போகாமல் நின்றுவிட்டால் இன்று அவளுக்கு இதில் ஒன்றுமில்லை.

உயர்கல்விச் சேர்க்கையைக் காட்டி இதற்குப் பெருமை சேர்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2021-22 மத்திய அரசுக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் (கல்லூரி வயதினர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் உயர்கல்வியில் இருப்பவர்கள்) 47 சதவீதம், இந்தியச் சராசரி 28.4. அதாவது திட்டம் வருவதற்கு முந்தைய கல்வியாண்டிலேயே நாம் வெகுதூரம் முன்னால் இருந்தோம். திட்டத்தின் பலனை அளக்க வேண்டுமானால் சேர்ந்தவர்களை எண்ணிப் பயனில்லை. இரண்டாம் வருடம் கல்யாணத்துக்கோ வேலைக்கோ நின்றுபோகிறவர்கள் குறைந்தார்களா, முடித்தவர்களில் எத்தனை பேர் சம்பளத்துக்குப் போனார்கள் என்பதை எமிஸ் பதிவையும், கல்லூரி மாணவர்களுக்கான யூமிஸ் பதிவையும் வைத்துக் கல்லூரிவாரியாக அரசு வெளியிடலாம்.